பதினொன்றாம் மாடியில் நடக்காத சாவு

என்னுடைய கடைசி யூனிட்டில் இனி விருந்தாளிகளைத் தங்க வைக்கக் கூடாது என்று மேனேஜ்மெண்ட் ஆபிஸ் தடை போட்டபோது, காரணம் என்ற இடத்தில் மலாயில் இரண்டே வார்த்தை எழுதியிருந்தார்கள். தமிழில் சொன்னால், "நடக்காத மரணம்". சத்தம், குப்பை, நீச்சல் குளத்தில் பியர் டின் என்று தடை வாங்கியவர்கள் இந்தப் பினாங்கில் எத்தனையோ பேர். நடக்காத சாவுக்காகத் தடை வாங்கியவள் நான் ஒருத்திதான். கையெழுத்துப் போட்ட சேர்மன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் இன்னும் காரமாக எழுதியிருப்பேன்.

ஹோம்ஸ்டே தொழிலில் புதிதாக இறங்கியிருக்கும் நீங்கள், அனுபவத்தை எழுதுங்கள் அக்கா என்று கேட்டீர்கள். பெட்ஷீட் மாற்றுவதும் சாவிப் பெட்டி வைப்பதும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். போனிலேயே கதவைத் திறக்கிறீர்கள், எனக்கு இன்றுவரை அது வரவில்லை. அதனால் அதையெல்லாம் விட்டுவிட்டு, பார்ட்டி வைக்க இடம் கேட்டு வருகிறவர்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பார்ட்டி வைக்கப் போகிறவர் எவரும் பார்ட்டி என்ற சொல்லை வாயில் எடுப்பதில்லை. "சின்னதா ஒரு மக்கான், சாப்பாடு மட்டும்தான்" என்பார்கள். "குடும்பத்தோட சும்மா ரெஸ்ட்" என்பார்கள். ரெஸ்ட் எடுக்க வருகிறவருக்கு ஹாலில் எத்தனை பிளக் பாயிண்ட் இருந்தால் என்ன? குளியல் தொட்டி இருக்கிறதா என்று ஒருவர் கேட்டார். இருக்கிறது என்றேன். எத்தனை மூட்டை ஐஸ் பிடிக்கும் என்றார். இன்னொருவர், அமைதியான வீடாக வேண்டும் என்று எழுதிவிட்டு, பால்கனி எத்தனை பேரைத் தாங்கும் என்று அடுத்த வரியில் கேட்டிருந்தார்.

ஒரு மனுஷர் தியான வகுப்பு என்றார். நம்பிக் கொடுத்தேன். வந்ததும் தியான வகுப்புதான், அதில் பொய் இல்லை. ஆனால் அது சிரிப்புத் தியானம். ஒரு பட்டாளமே விடிந்தும் விடியாமலும் என் பால்கனியில் நின்று கொண்டு கடலைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தது. மேலே நாலு மாடி, கீழே நாலு மாடி எழுந்துவிட்டது. எச்சரிக்கைக் கடிதம் வந்தபோது எங்கள் வீட்டுக்காரர், அதாவது என் கணவர், அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

எனக்கு முன்னாலேயே இந்தத் தொழிலில் இருந்த தோழி ஒருத்தி அப்போது ஒரு விதி சொன்னாள். பெயரைச் சொன்னால் அடிக்க வருவாள், வேண்டாம். "எதுக்குன்னு மட்டும் கேக்காத. கேட்டா கதை சொல்வாங்க. கதை கேட்டா நீ சரின்னு சொல்லிருவ. நோ சொல்லு, போனை வை, அவ்ளோதான் லா." இதைவிட நல்ல விதியை இந்தத் தொழிலில் நான் கேட்டதில்லை. நான் அதை மீறிய கதைதான் இது.

எங்கள் யூனிட் கெலுகோரில், கடல் பார்த்த கொண்டோ அடுக்குமாடியில், பதினொன்றாம் மாடியில் இருந்தது. நாங்கள் குடியிருந்தது பக்கத்துத் தெருவில். குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு சீனப் பெரியவர் சேர்மன். ரிட்டையர்ட் ஹெட்மாஸ்டர். வராந்தாவில் யாராவது செருப்பு அலமாரி வைத்தால் டேப் கொண்டுவந்து அளப்பார். அந்தக் கட்டடத்தில் அவருக்குப் பயப்படாத ஆள் எங்கள் வீட்டுக்காரர் மட்டும்தான். குழாய் சரிபார்க்க யூனிட்டுக்குப் போகிறேன் என்று கிளம்புவார், கார் பார்க்கில் சேர்மனோடு நின்று டுரியான் பற்றிப் பேசிவிட்டு, குழாயைப் பார்க்காமலே வீட்டுக்கு வந்துவிடுவார்.

ஒரு நாள் புனிதா என்ற பெண் போன் செய்தாள். குரல் முப்பது வயது மதிக்கலாம்.

"அக்கா, ஒரு நாளைக்கு வேணும். நாலு பேரு. சும்மா ரெஸ்ட்."

"சரிம்மா."

"லிஃப்ட் நல்லா ஓடுமா அக்கா?"

"ஓடும்."

"வாழமரம் உள்ள போகுமா?"

"ரெஸ்ட் எடுக்க வாழமரம் எதுக்கும்மா?"

"பார்ட்டி இல்லக்கா, ப்ரேயர்" என்றாள்.

"எத்தனை பேரு ப்ரேயர்?"

"நாப்பது."

"அது ப்ரேயர் இல்லம்மா, கோயில் திருவிழா."

பாசாரில் மீன் வாங்குகிற மாதிரி பேரம் பேசினாள். முப்பது என்றாள், இருபத்தைந்து என்றாள். பாட்டு போடக்கூடாது என்றேன். நாதஸ்வரம் பாட்டில் சேருமா அக்கா என்று கேட்டாள். அந்தக் கேள்வியில்தான் நான் விழுந்தேன். "எதுக்கும்மா இதெல்லாம்?" என்று கேட்டுவிட்டேன்.

கதை வந்தது. புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை. அப்பா இல்லை. அம்மாவோடு ஆயர் ஈத்தாமில் ஒரு பழைய பிளாட்டில் ஆறாவது மாடியில் இருக்கிறாள். கல்யாணம் பேசி முடித்தாகிவிட்டது. நிச்சயதார்த்தம் மண்டபத்தில் வேண்டாம், பெண் வீட்டில்தான் நடக்க வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்கள். பிளாட்டில் லிஃப்ட் பாதி நாள் ஓடாது. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முட்டி வலி, படி ஏற முடியாது.

"அவ்ளோதான? லிஃப்ட் ஓடுற நாளாப் பாரேன்" என்றேன்.

"இல்லக்கா. இதுக்கு முன்னாடி ஒரு இடம் வந்துச்சு. என்னைப் பாத்துட்டுப் போன அதே வாரத்துல அவங்க தாத்தா செத்துட்டாரு. தொண்ணூறு வயசு, ரெண்டு வருஷமா படுக்கைல கிடந்தவரு. நான் ராசியில்லாதவன்னு சொல்லி நிறுத்திட்டாங்க. அந்தப் பேச்சு இவங்க காதுக்கும் வந்திருச்சு. மாப்பிள்ளையோட அத்தை ஒருத்தவங்க இருக்காங்க, சகுனம் பாக்கறதுன்னா அவங்களுக்குச் சோறு வேணாம். அன்னைக்கு ஏதாவது ஒண்ணு தப்பாச்சுன்னா எழுந்து போயிருவாங்க அக்கா. இதுவும் போச்சுன்னா அப்புறம் யாரு வருவா?"

நான் உருகிவிட்டேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் உருகித்தான் போனேன். இருபது பேர், ஸ்பீக்கர் பெட்டி வைத்துப் பாட்டு இல்லை, நாதஸ்வரம் போனில் மட்டும், மத்தியானத்துக்குள் காலி செய்ய வேண்டும் என்றேன்.

"தேங்க்ஸ் அக்கா. இன்னொண்ணு. அது எங்க சித்தி வீடுன்னு அவங்ககிட்ட சொல்லிட்டேன்."

"எந்தச் சித்தி?"

"நீங்கதான் அக்கா."

"எப்ப சொன்ன?"

"போன வாரம்."

நான் மறுப்பதற்குள், "சித்தப்பா இருக்காரா? தட்டு மாத்த அப்பா இடத்துல உக்காரணும்" என்றாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இந்தச் செய்தியைச் சொன்னதும் எங்கள் வீட்டுக்காரர் அலமாரியைத் திறந்து வேட்டியைத் தேட ஆரம்பித்துவிட்டார். அயர்ன் போட்டார், பிடிக்கவில்லை என்று திரும்பவும் போட்டார்.

அந்தச் சனிக்கிழமை காலை பட்டுப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, சித்தியாக அங்கே போய் நின்றேன். வீட்டுக்காரரை ஐஸ் வாங்க அனுப்பியிருந்தேன். வாசலுக்கு உள்பக்கம் வாழைமரம் கட்டியாகிவிட்டது. கேட்டரிங் அண்ணன் சாப்பாட்டுப் பாத்திரங்களை இறக்கிவிட்டார். இருபது என்று பேசிய கூட்டம் இருபதைத் தாண்டி எவ்வளவோ ஆகிவிட்டது. இத்தனை பேர் உள்ளே வந்தும் கேட்டில் காவலுக்கு நிற்கிற ஜாகா ஒருத்தரைக்கூட நிறுத்தவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வழக்கமாக மூன்று பேர் வந்தாலே அந்த ஜாகா என்னைக் கூப்பிட்டுக் கேட்பான்.

மாப்பிள்ளை வீட்டார் லிஃப்டிலிருந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஊன்றுகோலோடு மெதுவாக வந்தார். அத்தை முன்னால் வந்தார். வராந்தாவைப் பார்த்தவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பாருங்க, சீனவங்க எவ்ளோ நல்லவங்க! நம்ம நிச்சயத்துக்கு ஒவ்வொரு கதவிலயும் செவப்பு ஒட்டி வச்சிருக்காங்க. நல்ல சகுனம்!"

திரும்பிப் பார்த்தேன். எங்கள் கதவைத் தவிர அந்த மாடியில் எல்லாக் கதவுகளிலும் சிவப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. நான் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள். பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், கெட்டது தங்கள் வீட்டுக்குள் வராமல் இருக்கச் சீனர்கள் கதவில் சிவப்புக் காகிதம் ஒட்டிக் கொள்வார்கள். யாரோ இந்த மாடியில் செத்துப் போயிருக்கிறார்கள். இந்தப் பெண்ணுக்கு இந்த நாளில் இப்படியா? அவர்களை உள்ளே உட்கார வைத்துவிட்டு, வராந்தாவுக்கு வந்து இண்டர்காமில் ஜாகாவைக் கூப்பிட்டு, எங்கள் மாடியில் யார் இறந்தது என்று மலாயில் கேட்டேன்.

அவன் நேப்பாளத்துப் பையன், மரியாதை தெரிந்தவன். குரலைத் தாழ்த்தி, "உங்கள் வீட்டில்தான் மேடம். உங்கள் கணவர்" என்றான்.

ஐஸ் வாங்கப் போன மனுஷர் இன்னும் வரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரோட்டில் ஏதோ ஆகிவிட்டது, எனக்குச் சொல்வதற்கு முன் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்றே நினைத்தேன். கை தானாகத் தாலிக்குப் போனது. சகுனம் பார்க்கிறவர்களைக் கேலி பேசியே வாழ்ந்தவள் நான், அந்த ஒரு நிமிஷத்தில் எத்தனை சாமியைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது.

லிஃப்ட் திறந்தது. எங்கள் வீட்டுக்காரர் வேட்டி சட்டையில், இரண்டு கையிலும் ஐஸ் பையோடு இறங்கினார். "கியூ நீளமா இருந்துச்சு" என்றார். அவரைக் கட்டிப்பிடிப்பதா அடிப்பதா என்று தெரியாமல், ஐஸ் பையைப் பிடுங்கி அதாலேயே ஒரு அடி போட்டேன்.

கேட்டரிங் அண்ணனை வெளியே இழுத்துக் கேட்டதும் விஷயம் வந்தது.

"ஜாகா லோரிய விடலக்கா. ஃபங்க்‌ஷன்னு சொன்னா திருப்பி அனுப்பிருவான். இந்த நாட்ல சாவு வீட்டுச் சாப்பாட்ட எவன் தடுப்பான்? ஆளு செத்துட்டாங்கன்னேன். சல்யூட் அடிச்சு விட்டான்."

"யாரு செத்ததுன்னு கேட்டிருப்பானே?"

"துவான் ருமான்னேன். வீட்டுக்காரர்னு. எனக்கு வேற யாரைத் தெரியும் அக்கா?"

ஜாகா அதை ஆபிஸில் சொல்லியிருக்கிறான். ஆபிஸ் சேர்மனுக்குச் சொல்லியிருக்கிறது. மற்ற வீடுகளுக்கும் போயிருக்கிறது. அண்ணனை நாலு வார்த்தை கேட்பதற்குள் லிஃப்ட் மேலே வருகிற சத்தம் கேட்டது. என்னவோ தோன்றியது எனக்கு. வீட்டுக்காரரை ஐஸோடு சேர்த்துப் படிக்கட்டுக் கதவுக்குப் பின்னால் தள்ளி, மூச்சு விடாதீர்கள் என்றேன்.

சேர்மன் வந்தார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை. கையில் வெள்ளை உறை, சாவு வீட்டுக்குச் சீனர்கள் பணம் வைத்துக் கொடுப்பது. செருப்பு அலமாரியை அளக்கிற அந்த மனுஷரின் கண் சிவந்திருந்தது. மலாயும் ஆங்கிலமும் கலந்துதான் பேசுவார், நான் தமிழில் தருகிறேன்.

"மேடம், எப்படி நடந்தது? முந்தா நாள்கூடப் பேசிக் கொண்டிருந்தோமே" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பயத்திலும் சிரிப்பு வரும், உங்களுக்கும் ஒரு நாள் வரும். முந்தானையால் வாயைப் பொத்திக் கொண்டேன், தோள் குலுங்கியது. அழுகிறேன் என்று நினைத்துக் கொண்டார். என் பட்டுப் புடவையையும் பூவையும் பார்த்துவிட்டு, "உங்கள் வழக்கம் அழகானது. நல்ல உடை உடுத்திக்கொண்டு கணவரை வழியனுப்புகிறீர்கள்" என்றார்.

அதே நேரம் உள்ளே யாரோ போனில் நாதஸ்வரத்தைப் போட்டார்கள். சீனர் சாவு வீட்டிலும் இப்படித்தான் ஒரு குழலை ஊதுவார்கள். சேர்மன் கண்ணை மூடித் தலை குனிந்தார். அடுத்ததாகப் பெண்கள் குலவையிட்டார்கள். "அழட்டும், அழுதுவிடுவது நல்லது" என்றார்.

பிறகு அவர் பேசியது, படிக்கட்டுக் கதவிலிருந்து இரண்டு அடி தள்ளி நின்று. "இந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் என்னிடம் ஏதாவது வேலை இருக்கும். எதுவும் வேண்டாமல் என்னோடு நின்று பேசியவர் உங்கள் கணவர் ஒருவர்தான். என் மனைவி போன பிறகு நான் ஒரு நாளில் பேசிய பேச்சு முழுக்க அவரோடுதான் இருக்கும்."

கதவுக்குப் பின்னால் ஐஸ் பை சரிகிற சத்தம் கேட்டது.

இதற்குள் மாப்பிள்ளையின் அத்தை யார் வந்திருப்பது என்று எட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டு விருந்தாளி என்று நினைத்து, வாய் நிறையச் சிரிப்போடு ஒரு லட்டைக் கொண்டுவந்து சேர்மன் கையில் வைத்தார். சீனர் சாவு வீட்டிலும் வந்தவர்களுக்கு ஒரு இனிப்புக் கொடுத்து அனுப்புவது வழக்கம். சேர்மன் இரண்டு கையாலும் வாங்கிக் கொண்டார். அத்தைக்கு அந்தப் பணிவு மிகவும் பிடித்துவிட்டது. நல்லவேளை, அவர் நீட்டிய வெள்ளை உறையை அதற்குள் வாங்கி என் இடுப்பில் செருகியிருந்தேன். சங்கத்து ஹாலிலிருந்து நாற்காலி கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு சேர்மன் கிளம்பினார். ஒரு நாற்காலி இரவல் கேட்டதற்கு மூன்று ஃபாரம் நிரப்பச் சொன்ன சங்கம் அது.

வீட்டுக்காரரை வெளியே விட்டேன். முகம் ஒரு மாதிரி இருந்தது. "கேட்டியா, என்ன சொன்னாருன்னு?" என்றார். கேட்டேன், முதலில் உள்ளே போய் உயிரோடு உட்காருங்கள் என்றேன்.

தண்ணீர் எடுக்க அடுப்படிக்குப் போனால், மாப்பிள்ளையின் அம்மா ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு அங்கே நின்றிருந்தார். அவரும் நானும் மட்டும்தான்.

"சம்பந்தியம்மா, ஒண்ணு கேக்கலாமா? எந்தச் சித்தி வீட்டுல வைஃபை பாஸ்வர்ட ஃப்ரேம் போட்டு மாட்டி வச்சிருப்பாங்க?"

எடுத்த தண்ணீர்ச் சொம்பைத் திரும்பவும் மேடையில் வைத்தேன்.

"ரூமுக்குள்ள எட்டிப் பாத்தேன். துண்டெல்லாம் அன்னப்பறவை மாதிரி மடிச்சு கட்டில்ல உக்காந்திருக்கு. சாமி படம் ஒண்ணு இல்ல. இது வாடகை வீடுன்னு பாத்ததுமே தெரிஞ்சு போச்சு லா." குரலைத் தாழ்த்தினார். "பயப்படாதீங்க. அவங்க பிளாட்ல லிஃப்ட் ஓடாதுன்னு என் மகன் சொன்னான். என் முட்டிக்காக இந்தப் பொண்ணு ஊரெல்லாம் வீடு தேடியிருக்கு. என் மகன்கூட எனக்காக இவ்ளோ அலைஞ்சதில்ல. எனக்கு இவதான் மருமக. ஆனா என் நாத்தனார் வாய என்னால அடைக்க முடியாது. கல்யாணம் ஆகி வந்த நாள்லேர்ந்து முடியல. சகுனம்னு வந்தா எங்க வீட்டுக்காரரும் அக்கா பேச்சத்தான் கேப்பாரு. தட்டு மாறுற வரைக்கும் இங்க ஒருத்தரும் தும்மாம இருந்தாப் போதும்."

தும்மலுக்கே இந்தப் பயம் என்றால், வாசல் வரை வந்திருக்கும் சாவுக்கு என்ன சொல்வது? நான் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன்.

ஹாலில் ஜமக்காளம் விரித்து இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். எங்கள் வீட்டுக்காரருக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சம்பந்தி மரியாதையாக ஒரு ரோஜா மாலை போட்டார்கள். எனக்கும்தான். புனிதா அரக்குச் சேலையில் ஓரமாகத் தன் அம்மாவை ஒட்டி நின்றாள். கையில் பிடித்திருந்த கைக்குட்டையை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கி வைத்திருந்தாள். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், நிச்சயப் புடவை. பூசாரி எல்லாம் சரியா என்று பார்த்துக் கொண்டிருந்தார். அப்போது வராந்தாவில் நாற்காலி உரசுகிற சத்தம் கேட்டது. இதோ வருகிறேன் என்று எழுந்து ஓடினேன். கதவை இழுத்துச் சாத்தினேன், ஆனால் வாழைமரம் தடுத்துப் பாதிதான் மூடியது.

சேர்மன் தானே நாற்காலிகளைச் சுமந்து வந்திருந்தார். மூச்சு வாங்கியது. என் கழுத்து மாலையைப் பார்த்து இன்னும் மரியாதையாகத் தலை தாழ்த்தினார்.

"நான் இங்கேயே இருக்கிறேன் மேடம், ராத்திரி முழுக்க. சாயங்காலம் என் தம்பி மகனின் கல்யாண டின்னர். போகவில்லை என்று போன் பண்ணிவிட்டேன். சாவு வீட்டுக்கு வந்தவன் கல்யாணத்துக்குப் போகக் கூடாது, பிள்ளைகளுக்கு ஆகாது. பரவாயில்லை. அவனுக்கு எத்தனையோ பேர் இருக்கிறார்கள். உங்கள் கணவருக்கு நான் இருக்க வேண்டும்."

எனக்குச் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. இதுவரை நடந்ததெல்லாம் கூத்து. இது கூத்து இல்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் யூனிட்டுக்கு ஆபத்து இல்லை, புனிதாவின் தட்டும் மாறிவிடும். ஆனால் இந்த மனுஷர் தன் தம்பி மகன் கல்யாணத்தை விட்டுவிட்டு, இல்லாத பிணத்துக்குக் காவல் இருப்பார். உண்மையைச் சொன்னால் யூனிட் போகும். போகட்டும் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். வீடு போனால் வேறு வீடு. ஆனால் இங்கே நின்று சொல்லக் கூடாது, அத்தையின் காதுக்குப் போய்விடும். இதை மட்டும் மனதில் வைத்துக் கொள்ளுங்கள்: உண்மையைச் சொல்லியே தீர வேண்டும் என்று வந்துவிட்டால், அதற்கு இடத்தையும் நீங்களே தேர்ந்தெடுங்கள். "வாங்க சேர்மன், கீழே போய்ப் பேசுவோம்" என்று லிஃப்ட் பட்டனை அழுத்தினேன். என் முடிவு சரியான முடிவு. இன்றும் சொல்வேன்.

கெடுத்தது எங்கள் வீட்டுக்காரர். பாதி மூடிய கதவு வழியாக அவருக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மனுஷர் எழுந்து வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, நெற்றி முழுக்கச் சந்தனம், கழுத்தில் மாலை. கண்ணில் தண்ணீர் வேறு. வாழைமரத்தை விலக்கிக்கொண்டு வாசலில் நின்று, "சேர்மன், யூ கோ டு த டின்னர்" என்றார்.

சேர்மன் கையிலிருந்த நாற்காலி விழுந்தது. "யூ டெட்!" என்று கத்தினார். கார் பார்க் வரை கேட்டிருக்கும். "யூ டெட் ஆல்ரெடி!"

"நோ லா, நாட் டெட்."

"டெட்! ஜாகா சொன்னான்! நான் வெள்ளை உறை கொடுத்தேன்!"

நாதஸ்வரம் நின்றது. அத்தை எழுந்து வந்தார். வராந்தாவையும், வெள்ளைச் சட்டைச் சேர்மனையும், கதவுகளில் இருந்த சிவப்பையும் ஒரு சுற்றுப் பார்த்தார். இந்த முறை புரிந்துவிட்டது.

"என்ன இது? யாரு செத்தது? நிச்சயத்து வீட்ல சாவா?" தம்பி பக்கம் திரும்பினார். "நான் அப்பவே சொன்னேன்ல? இந்தப் பொண்ணு எங்க நின்னாலும் சாவு வரும்னு சொன்னேன்ல? எந்திரி. தட்ட எடு."

மாப்பிள்ளையின் அப்பா பாதி எழுந்துவிட்டார். மாப்பிள்ளை "அத்தை" என்று ஆரம்பித்தான், முடிக்கவில்லை. புனிதா அழவில்லை. இப்படித்தான் ஆகும் என்று முன்பே தெரிந்தவள் போல் தலையைக் குனிந்து கொண்டாள். அதைப் பார்த்ததும் எனக்கு ஏற்பட்ட ஆத்திரத்தில், அந்த அத்தையை லிஃப்டுக்குள் தள்ளிக் கீழே அனுப்பியிருப்பேன். என் கழுத்து மாலையில் கை சிக்கியிருந்ததால் தப்பித்தார்.

அப்போது ஊன்றுகோல் தரையில் தட்டுகிற சத்தம் கேட்டது. மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்தார். யாரையும் பார்க்கவில்லை. நேரே வாசலுக்கு வந்து, சீனப் பெரியவர்களைக் கூப்பிடுகிற முறையில் சேர்மனை அப்பேக் என்று கூப்பிட்டு மலாயில் கேட்டார்.

"அப்பேக், இவர் செத்துட்டார்னு உங்களுக்கு நல்லாத் தெரியுமா?"

"தெரியும்! காலையில் செத்தார்! கட்டடம் முழுக்கத் தெரியும்!"

"இப்ப?"

சேர்மன் எங்கள் வீட்டுக்காரரைத் தொட்டுப் பார்த்தார். கன்னத்தைக் கிள்ளியும் பார்த்தார். "இப்போது இருக்கிறார்" என்றார்.

"அப்ப இது சாவு வீடு இல்ல, கல்யாண வீடு. உள்ள வந்து சாப்பிடுங்க. இங்கேர்ந்து நேரா உங்க டின்னருக்குப் போங்க, பிள்ளைங்களுக்கு ரொம்ப நல்லது."

பிறகு திரும்பினார். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாத நாத்தனாரை நேருக்கு நேர் பார்த்து, ஹாலில் கடைசியாக உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"என் மருமகளோட ராசிய எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க. அவ நிச்சயத்தன்னைக்குச் செத்த மனுஷனே எந்திரிச்சு மாலையோட வந்து நிக்கிறாரு."

அத்தை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பினார். மாப்பிள்ளையின் அப்பா மறுபடியும் உட்கார்ந்தார். எங்கள் வீட்டுக்காரர் உள்ளே போய்த் தன் இடத்தில் அமர்ந்தார், சேர்மன் அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக் கொண்டார். புனிதா நிமிர்ந்தாள். தட்டு மாறியது.